அடையாற்றங்கரையில் ஓர் ஐப்பசி நாள்



தாம் தேடிய பொருளில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்து, ஆண்டுக்கொரு முறையேனும் இந்நாட்டுச் சரித்திரத்தைப் பற்றி ஒருவர் பேசவும் பலர் இருந்து கேட்கவும் வழிசெய்து போன, இவ்வறக்கட்டளையை நிறுவிய பெரியாரின் நல்லுள்ளத்தை முதற்கண் வணங்குகிறேன். பிளாசியையும் பானிபட்டையும் பற்றிப் பேச வல்லவர் பலர் உளர். அவற்றைக் கேட்டு வியக்கும் பழக்கமும் நமக்கு நெடுநாளாக உண்டு. அவற்றை விடுத்து, பள்ளிக்கூடப் புத்தகங்களில் ஒரு வரிக்கு மேல் இடம்பெறாததும், நம்மில் பெரும்பாலோர் நாள்தோறும் கடந்து செல்லும் ஓர் ஆற்றின் கரையிலேயே நிகழ்ந்ததும், ஒரு பகற்பொழுதுக்குள் முடிந்துபோனதுமான ஒரு யுத்தத்தை இன்றைய சொற்பொழிவுக்குப் பொருளாகக் கொண்டிருக்கிறேன். 1746ஆம் ஆண்டில் அடையாற்றங்கரையில் ஆர்க்காட்டு நவாபின் சைனியத்திற்கும் பிரெஞ்சுக் கம்பெனியின் சிறு படைக்கும் இடையே நடந்த போரே அது.

அந்தப் போர் நடந்த நாளைக் குறிப்பதிலேயே ஒரு விசேஷம் இருக்கிறது. ஆங்கிலேயரின் ஏடுகள் அதனை அக்டோபர் 24 என்று சொல்லும். பிரெஞ்சுக்காரரின் ஏடுகளோ நவம்பர் 4 என்று சொல்லும். பிரெஞ்சுக்காரர் திருத்திய பஞ்சாங்கத்தைக் கைக்கொண்டு நூறாண்டுகளுக்கு மேலாகியும், ஆங்கிலேயர் 1752ஆம் ஆண்டு வரையில் பழைய கணக்கையே பற்றிக்கொண்டிருந்தமையால் இருவருக்கும் 11 நாள் வித்தியாசம் இருந்தது. இவ்விரு சாராரும் அல்லாமல் மூன்றாமவராக ஒருவர் புதுச்சேரியில் அமர்ந்து, அட்சய வருஷம் ஐப்பசி மாதம் என்று தலைப்பிட்டு, தமிழில் அன்றாட நிகழ்ச்சிகளை எழுதிக்கொண்டிருந்தார். அவர்தாம் ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய தினசரிக்குப் பின்னர் வருகிறேன். இச்சொற்பொழிவில் பிரெஞ்சுக்காரர் கணக்கையே நான் கைக்கொள்ளுகிறேன் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஆஸ்திரிய நாட்டு அரசுரிமையைக் குறித்து ஐரோப்பாவில் எழுந்த கலகம் 1744ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நேர் யுத்தமாக மூண்டது. அதற்கும் சோழமண்டலக் கரையில் துணி வாங்கி விற்றுக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிகளுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாதிருந்திருக்கலாம். புதுச்சேரிக் கவர்னர் டூப்ளே, இக்கரையிலேனும் சமாதானமாக இருப்போம் என்று சென்னைக்கு எழுதிப் பார்த்தார். ஆனால் இங்கிலாந்து அரசரின் கப்பற்படை கம்பெனியின் கட்டளைக்கு உட்பட்டதன்று. பார்னெட் என்னும் தளபதியின் கீழ் வந்த அப்படை 1745ஆம் ஆண்டில் பிரெஞ்சு வணிகக் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது. புதுச்சேரியையே தாக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தபோது, டூப்ளே ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன்கானிடம் முறையிட்டார். நவாபும் தம் ராஜ்யத்தில் குடியிருக்கும் அந்நிய வணிகர் ஒருவரையொருவர் தாக்கலாகாது என்று ஆங்கிலேயருக்குத் தாக்கீது அனுப்பினார். ஆங்கிலேயர் அதற்கு அடங்கினர். இந்தச் சிறு செய்தியைச் சபையோர் மனத்தில் வைக்க வேண்டுகிறேன். 1745இல் நவாபின் ஒரு கடிதத்திற்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

அடுத்த ஆண்டில் நிலைமை மாறியது. மோரீசுத் தீவுக்கும் பூர்போன் தீவுக்கும் கவர்னராக இருந்த லாபூர்தொன்னே என்பவர், மரமும் கயிறும் மாலுமிகளும் இல்லாத இடத்தில் வணிகக் கப்பல்களையே போர்க்கப்பல்களாக மாற்றி, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட காப்பிரிகளையும் பழக்கித் தம் படையில் சேர்த்துக்கொண்டு, ஒரு கடற்படையை உண்டாக்கிவிட்டார். அந்தப் படை 1746 ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கிலேயர் கப்பல்களை எதிர்த்தது. பார்னெட் அதற்குள் இறந்துபோயிருந்தார். அவருக்குப் பின் வந்த பெய்ட்டன் வெற்றியும் தோல்வியுமற்ற ஒரு மோதலுக்குப் பிறகு திரிகோணமலைக்கு விலகிச் சென்று, பின்னர் வங்காளத்துக்கே போய்விட்டார். சென்னைப் பட்டணம் கடற்பக்கம் காவலின்றி நின்றது.

ஜார்ஜ் கோட்டையில் அப்போது இருந்த ஐரோப்பியர் சுமார் 300 பேர். அவர்களில் சிப்பாய்த் தொழில் தெரிந்தவர் 200 பேருக்கு மேல் இல்லை. கவர்னர் மோர்ஸ் நவாபின் உதவியை நாடினார். ஆயினும், தர்பாருக்கு அனுப்பப்பட்ட தூதர் வழக்கமான நஜர் என்னும் காணிக்கை இல்லாமலே சென்றார் என்று ஆர்ம் என்னும் சரித்திராசிரியர் எழுதுகிறார். அந்த நாளில் நஜர் இல்லாத விண்ணப்பம் எந்த அளவுக்குச் செவியேறும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. லாபூர்தொன்னே செப்டம்பர் மாதத்தில் நகருக்குத் தெற்கே கரையிறங்கி, பீரங்கிகளை நிறுத்திச் சில நாட்கள் குண்டு பொழிந்தார். கறுப்பர் பட்டணம் என்று வழங்கிய கோட்டைப்புறத்தில் வாழ்ந்த வணிகரும் நெசவாளரும் மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டு ஓடினர். செப்டம்பர் 21ஆம் தேதி ஜார்ஜ் கோட்டை சரணடைந்தது.

இதற்குப் பின் நிகழ்ந்தது வென்றவர்களுக்குள்ளேயே எழுந்த ஒரு பெரும் பிணக்கு. 11 லட்சம் வராகன் மீட்புப்பணம் பெற்றுக்கொண்டு சென்னையை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவதாக லாபூர்தொன்னே வாக்களித்துவிட்டார். டூப்ளேயோ, நகரம் பிடிபட்டவுடன் அதனைத் தங்களுக்கே ஒப்புவிப்பேன் என்று நவாபுக்கு வாக்களித்திருந்தார். ஒரே நகரம் இவ்வாறு இரண்டு பேருக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. தர்க்கம் கடித மூலமாக வளர்ந்துகொண்டிருக்கையில், அக்டோபர் 13ஆம் தேதி இரவு வீசிய புயல் அதனை முடித்துவைத்தது. சென்னைத் துறையில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களில் சில மூழ்கின. சில பாய்மரம் இழந்து உருக்குலைந்தன. ஆயிரக்கணக்கில் மாலுமிகள் மாண்டனர். சோழமண்டலக் கரையில் அந்நாளில் துறைமுகம் என்று சொல்லத்தக்க ஓரிடம் இல்லை என்பதும், ஐப்பசி பிறந்தால் திறந்த கடலில் கப்பல் நிற்கலாகாது என்பதும் இக்கரையின் பட்டினவர் அனைவரும் அறிந்தவை. லாபூர்தொன்னே மிஞ்சிய கப்பல்களுடன் அம்மாதக் கடைசியில் புறப்பட்டுப் போனார். பிற்பாடு அவரைப் பாரிஸில் பாஸ்தீல் சிறையில் அடைத்தார்கள் என்பதும், எழுதுகருவிகள் மறுக்கப்பட்ட அந்நிலையில் அவர் கஞ்சியிட்டு விறைக்கச் செய்த கைக்குட்டைகளின்மீது, புகைக்கரியையும் காப்பியையும் குழைத்த மையினால், செப்புக்காசை வளைத்துச் செய்த எழுதுகோலைக் கொண்டு தம் கட்சியை எழுதினார் என்று சொல்லப்படுவதும், 1751இல் குற்றமற்றவரென விடுவிக்கப்பெற்று இரண்டே ஆண்டுகளில் காலமானார் என்பதும் தனியே ஒரு சொற்பொழிவுக்குரிய சோகம்.

அவர் போனவுடன் டூப்ளே அந்த உடன்படிக்கை செல்லாது என்று அறிவித்தார். கவர்னர் மோர்ஸும் மற்ற அதிகாரிகளும் புதுச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கம்பெனியின் கணக்கெழுதும் வேலையில் இருந்த 21 வயது இளைஞர் ஒருவர் இந்நாட்டு உடையை அணிந்து வேஷம் மாற்றிக்கொண்டு, கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். ராபர்ட் கிளைவ் என்பது அவர் பெயர். நவாபுக்கோ நகரமும் கிடைக்கவில்லை, சமாதானமான விடையும் கிடைக்கவில்லை. தம்முடைய தாக்கீதுக்கு முந்தின வருஷம் ஆங்கிலேயர் அடங்கியதைக் கண்ட அவர், இந்த வருஷம் பிரெஞ்சுக்காரர் தம்மை ஏமாற்றுவதைப் பொறுப்பாரா? தம் மூத்த குமாரர் மாபூஸ்கானைச் சுமார் 10,000 பேர் கொண்ட சைனியத்துடன் சென்னையை முற்றுகையிட அனுப்பினார்.

மாபூஸ்கானை அறிவற்றவரென்று எழுதிய ஆங்கில நூலாசிரியர் சிலர் உண்டு. அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று. அவர் காலத்து யுத்த முறையின்படி அவர் செய்தவையெல்லாம் முறையானவையே. நகரத்தைச் சூழ்ந்தார், உள்ளே இருந்தவர்களுக்குக் குடிநீர் தந்த ஊற்றைக் கைப்பற்றினார். தண்ணீரை அடைத்தால் கோட்டை தானே திறக்கும் என்பது தலைமுறை தலைமுறையாகக் கண்ட உண்மை. அதற்கு மாற்றாக நிகழ்ந்தது அவர் எதிர்பார்த்திருக்கக்கூடிய ஒன்றன்று. நவம்பர் 2ஆம் தேதி கோட்டையிலிருந்து 400 பேர் இரண்டு சிறு பீரங்கிகளுடன் வெளியே வந்தனர். குதிரைப்படை அவர்களை நோக்கித் திரண்டு வந்தது. நெருங்கி வருமளவும் பீரங்கிகளை மறைத்து நின்ற அணி, சட்டென்று இருபுறமும் விலகியது, பீரங்கிகள் முழங்கின. முதல் குண்டுக்குப் பிறகு ஓய்வு வரும், அந்த இடைவேளையில் பாய்ந்துவிடலாம் என்று சவாரிகள் காத்திருந்தனர். ஓய்வு வரவில்லை.

இதனைச் சற்று நின்று பார்க்கவேண்டும், ஏனெனில் அடையாற்றின் கதை முழுவதும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கால்மணி நேரத்துக்கு ஒரு முறை பீரங்கி சுட்டால் அதுவே திறமை என்று நவாபின் சைனியத்தார் அதுகாறும் எண்ணியிருந்தனர் என்பது ஆர்ம் தரும் செய்தி. பிரெஞ்சுக்காரரின் இலகுவான களப்பீரங்கியோ ஒரு நிமிஷத்துக்குள்ளேயே பன்முறை சுடத்தக்கது. ஆனால் பீரங்கியைக் காட்டிலும் முக்கியமானது வேறொன்று. நவாபின் சவாரி ஒருவன் ஏறிவந்த குதிரை அவனுடைய சொந்த முதல். அந்தக் குதிரைக்காகத்தான் அவனுக்குச் சம்பளம்; அது செத்தால் அவன் பிழைப்பே போயிற்று, அதற்கு ஈடு கொடுப்பார் எவருமில்லை. மனிதரோடு மனிதராக வாள்வீசிச் சாகத் துணிந்த அதே வீரன், தன் குடும்பத்தின் ஜீவனத்துக்கே ஆதாரமான விலங்கை இடைவிடாது சுடும் பீரங்கிக்கு எதிரே செலுத்தத் தயங்கியதைக் கோழைத்தனம் என்று எழுதுவது, பொருளாதாரம் அறியாதவர் எழுத்து. அன்று குதிரைகள் திரும்பின. தண்ணீர் ஊற்றும் பிரெஞ்சுக்காரர் கைக்கு மீண்டும் வந்தது. அவர்களில் ஒருவரும் உயிரிழக்கவில்லை.

புதுச்சேரியிலிருந்து ஓர் உதவிப்படை கரையோரமாக வந்துகொண்டிருப்பதை மாபூஸ்கான் அறிந்தார். அது சென்னைக் கோட்டையாரோடு சேர்வதற்கு முன்னே அதனை அழித்துவிட வேண்டும் என்று அவர் நினைத்ததும் சரியான நினைவே. சைனியத்தை மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமுக்கு நகர்த்தி, அடையாற்றின் வடகரையில் நிறுத்தி, பீரங்கிகளையும் ஆற்றை நோக்கித் திருப்பி வைத்தார். ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்து, இன்று குயிபிள் தீவு என்று வழங்கும் பகுதியின் அருகே இது நிகழ்ந்தது என்று கருதப்படுகிறது. நதியை முன்னிட்டு, கடலை ஒரு புறத்தே வைத்து, ஊரைப் பின்புறத்தே கொண்டு நிற்கும் 10,000 பேரை எதிர்க்க வந்தது எத்தனை பேர்? பராதி என்னும் சுவிஸ் நாட்டுப் பொறியியலாளர் தலைமையில் 230 ஐரோப்பியரும் 700 இந்தியச் சிப்பாய்களும். அவர்களிடம் ஒரு பீரங்கிகூட இல்லை.

நவம்பர் 4ஆம் தேதி பராதி ஆற்றங்கரையை அடைந்தார். எதிர்க்கரையைக் கண்டு அவர் நின்று முகாமிடவில்லை, தூது அனுப்பவில்லை, கோட்டையிலிருந்து வரவேண்டிய துணைப்படைக்காகக் காத்திருக்கவும் இல்லை. இறங்கிக் கடக்கத்தக்க இடத்தில், எதிரியின் பீரங்கி சுடச்சுட, தம் வரிசைகளை ஆற்றில் இறக்கினார். கரையேறியவுடன் அணி திருந்தி, ஒரே வேளையில் துப்பாக்கிகளை வெடித்து, புகை கலையுமுன் துப்பாக்கி முனையில் பொருத்திய சனியன் என்னும் ஈட்டியோடு ஓடிப் பாய்ந்தனர். நவாபின் சைனியம் அத்தகைய பாய்ச்சலை அதற்குமுன் கண்டதில்லை. முன்னணி பின்வாங்கிச் சாந்தோம் ஊருக்குள் புகுந்தது. அங்கேதான் விபத்து பெரிதாயிற்று. திறந்தவெளியில் சுழன்று திரும்பவல்ல குதிரைப்படை, குறுகிய தெருக்களில் தன் கூட்டத்திலேயே தான் சிக்கிக்கொண்டது. யானையும் ஒட்டகமும் மாட்டுவண்டியும் சமையற்காரரும் மூட்டை சுமப்பவரும் ஒன்றோடொன்று நெருக்குண்டு வழிமறித்தனர். தெரு முனையில் நின்று வரிசை வரிசையாகச் சுட்ட துப்பாக்கிகளுக்கு ஒரு குண்டும் வீணாகவில்லை. ஒருவாறு மறுபுறம் வெளிப்பட்டவர்களைச் சென்னைக் கோட்டையிலிருந்து அப்போதுதான் வந்துசேர்ந்த படை பின்னின்று தாக்கியது. ஆர்க்காட்டின் பெருங்கொடி பறந்த யானையின்மீது மாபூஸ்கான் களத்தை விட்டு நீங்கினார். அந்தக் கொடி போவதைக் கண்டபின் எவர் நிற்பார்? எஞ்சிய சைனியம் ஆர்க்காட்டுத் திசையை நோக்கிக் கலைந்தோடியது.

இந்த வெற்றியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள், சிறப்பாக மாலிசன், இந்தியச் சரித்திரத்தையே திருப்பிய யுத்தங்களில் இதனை ஒன்றாக வைத்துப் பேசுகின்றனர். அவ்வளவில் அவர்கள் சொல்வது மெய். அதற்கு முந்தின நாள் வரையில் ஐரோப்பிய வணிகர் நவாபுகளுக்கு மனு எழுதும் நிலையில் இருந்தனர். மறுநாள் முதல் நவாபுகள் ஐரோப்பிய வணிகரின் சிப்பாய்களை வாடகைக்குக் கேட்கும் நிலை தொடங்கிற்று. ஆனால் ஒரு கைப்பிடி ஐரோப்பியர் பல்லாயிரம் இந்தியரை வென்றனர் என்று அக்கதையைச் சொல்லும் வழக்கம் இருக்கிறதே, அதைத்தான் நான் இன்று மறுத்துரைக்க விழைகிறேன். ஆற்றில் இறங்கிய 930 பேரில் 700 பேர் யார்? அடையாற்றில் கரையேறிய ஒவ்வொரு நான்கு பேரிலும் மூவர் இந்நாட்டார். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய எண்ணிக்கைகூட வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது.

அச்சிப்பாய்கள் வானத்திலிருந்து குதித்தவர்களல்லர். 1740ஆம் ஆண்டில் ரகூஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை கணவாயைக் கடந்து வந்து, தாமல்செருவில் ஆர்க்காட்டு நவாப் தோஸ்து அலியைக் கொன்று, அவர் ஆண்ட கர்நாடகத்தை உலுக்கியபோது, புதுச்சேரிக் கவர்னராக இருந்த தூமா என்பவர், மாஹே முதலிய இடங்களிலிருந்து வந்தோரையும் உள்ளூராரையும் சேர்த்துத் துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கலானார். கல்லைத் தட்டிப் பொறியெழுப்பிச் சுடும் புதிய துப்பாக்கி, மருந்தையும் குண்டையும் அளவாகச் சுற்றிவைத்த காகிதத் தோட்டா, ஒரே சொல்லுக்குக் கை உயர்த்தி ஒரே சொல்லுக்கு விசையிழுக்கும் கவாத்து, மாதந்தோறும் கிடைக்கும் சம்பளம் என்னும் இவையே அவர்களை வேறு மனிதராக்கின. திரியைக் கொளுத்திச் சுடும் பழைய துப்பாக்கி மழையில் நமுத்துவிடும். ஒரு முறை சுட்டபின் மறுமுறைக்கு நெடுநேரம் பிடிக்கும். நவாபின் படையில் சம்பளமோ பல மாதம் நிலுவையில் நிற்கும். ஆகவே அன்று அடையாற்றில் வென்றது கவாத்தும் காலந்தவறாத கூலியும்; தோற்றது தனிவீரத்தையும் குதிரையையும் நம்பிய ஒரு பழைய போர்முறை. நிறத்துக்கு அதில் பங்கில்லை.

இதனை ஆங்கிலேயர் விரைவில் உணர்ந்தனர். 1748இல் வந்துசேர்ந்த ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் என்னும் தளபதி தம் கம்பெனிக்கும் அவ்வாறே சிப்பாய்களைப் பழக்கத் தொடங்கினார். பத்தாண்டுகளில் அவர்கள் பட்டாளங்களாக வகுக்கப்பட்டனர். பிற்காலத்தில் பேர்பெற்ற சென்னைச் சேனை இந்த வித்திலிருந்தே வளர்ந்தது. வருந்தத்தக்கது என்னவென்றால், நவாபும் அவர் மக்களும் இதே பாடத்தைக் கண்ணெதிரே கண்டும், தம் சொந்தப் படையைத் திருத்திக்கொள்வதை விட்டு, திருத்திய படையை விலைக்கு வாங்க முற்பட்டனர் என்பதே. கருவூலம் வற்றியபின் நாட்டின் வருவாயை அடகுவைத்தனர். கர்நாடகம் கம்பெனியின் கைக்குப் போன வழி அதுதான்.

இனி ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரிக்கு வருகிறேன். 1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்து, தந்தையாருடன் புதுச்சேரிக்குக் குடியேறி, வாணிகத்தில் உயர்ந்து, 1747இல் டூப்ளேயின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகரும், ஆன அவர், 1736 முதல் 1761 ஜனவரியில் உயிர் நீங்கும் நாளை ஒட்டிய வரையில் எழுதிவைத்த குறிப்புகள் தமிழிலே வேறு எந்த நூலுக்கும் ஒப்பிட முடியாதவை. இலக்கணச் சுத்தத்தையோ அலங்காரத்தையோ அவற்றில் தேடலாகாது. கவர்னர் காலையில் என்ன கேட்டார், தாம் என்ன விடை சொன்னார், எந்தக் கப்பல் எத்தனை பீரங்கி மரியாதையோடு வந்தது, யாருக்கு எத்தனை கெஜம் சகலாத்து வெகுமானமாகக் கொடுக்கப்பட்டது, எந்த வணிகன் யாரைப் பற்றி என்ன கோள் சொன்னான் என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார். இடையிடையே கிரக நிலையையும் சகுனத்தையும் பற்றிப் பேசுவார், டூப்ளேயைப் புகழ்வார், அவர் மனைவியாரைப் பற்றிச் சற்றும் மறைக்காத கசப்போடு எழுதுவார். சென்னை பிடிபட்ட மாதங்களில் அவ்வூர் வணிகரைப் புதுச்சேரிக்குக் குடியேற்ற டூப்ளே செய்த முயற்சிகளும், அதற்கு வணிகர் காட்டிய தயக்கமும் அவர் எழுத்தில் வருவதுபோல் வேறெங்கும் வருவதில்லை. தளபதிகளின் கடிதங்களில் நகரம் என்பது மதிலும் பீரங்கியுமாக இருக்கும். பிள்ளையின் தினசரியில் அது வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவன், திரும்பிவர அஞ்சுகிறவன், கொடுத்த கடன் திரும்புமா என்று கவலைப்படுகிறவன் ஆகியோரால் நிரம்பியிருக்கும்.

அவரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. எஜமானனுக்குப் பிரியமானதைச் சொல்லும் உத்தியோகத்தில் இருந்தவர் அவர். தம் போட்டியாளரைப் பற்றி எழுதும்போது அவர் பேனா நடுநிலையில் நில்லாது. ஆனாலும், அச்சிட வேண்டுமென்ற எண்ணமின்றி எழுதப்பட்டமையால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. அந்த ஏடுகள் எண்பதாண்டுகளுக்கு மேல் குடும்பத்தாரிடம் கிடந்து, 1846இல் காலுவா மோம்ப்ரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ணிற்பட்டன. 1904 முதல் 1928 வரையில் சென்னை அரசாங்கத்தார் 12 பகுதிகளாக அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். தமிழிலே எழுதப்பட்ட நூல் தமிழிலே அச்சேறத் தொடங்கியது அதற்கும் பிறகுதான். நம் பாட்டனார் ஒருவர் நம் மொழியில் எழுதிவைத்ததை நாம் வேற்று மொழியில் முதலில் படிக்க நேர்ந்த இந்த நிலை என் நெஞ்சை இன்னும் உறுத்துகிறது. தமிழ்ச் செல்வர்கள் காப்பியங்களுக்குச் செலவிட்டதில் ஒரு சிறு பங்கை இதற்குச் செலவிட்டிருந்தால், நம் வசனநடையின் சரித்திரமே வேறுவகையாக எழுதப்பட்டிருக்கும்.

யுத்தத்துக்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1747ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே டூப்ளே நவாபைச் சமாதானப்படுத்திவிட்டார். அடையாற்றில் முறியடிக்கப்பட்ட மாபூஸ்கானே புதுச்சேரிக்கு விருந்தினராக வந்து வெகுமானங்கள் பெற்றுச் சென்றார். 1748இல் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் பெரும் படையுடன் வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். அந்த முற்றுகையிலே பராதி படுகாயமுற்று மாண்டார்.

அந்த ஆண்டு அக்டோபரில் எக்ஸ்லாஷபேல் என்னும் ஊரில் ஐரோப்பிய அரசர்களின் பிரதிநிதிகள் உடன்படிக்கை செய்துகொண்டனர். வட அமெரிக்காவில் கேப் பிரெட்டன் தீவிலுள்ள லூயிபூர் என்னும் கோட்டையை 1745இல் நியூ இங்கிலாந்துக் குடியேற்றக்காரர்கள் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்திருந்தனர். பனியும் மூடுபனியும் சூழ்ந்த அந்த மீன்பிடி துறைமுகத்தைப் பிரான்ஸுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாகச் சென்னையை இங்கிலாந்து பெற்றுக்கொண்டது. சாந்தோம் தெருக்களில் மடிந்தவர்களில் ஒருவராவது லூயிபூர் என்ற பெயரைக் கேட்டிருப்பாரா? 1749இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பெற்றுக்கொண்டவர் அந்தப் பாஸ்கவனே. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1758இல், லூயிபூரை மறுபடியும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த படையெடுப்பிலும் கடற்படைக்குத் தலைமை வகித்தவர் அவர்தாம். பண்டமாற்றின் இரண்டு பக்கத்தையும் தம் கையாலே தொட்ட மனிதர் உலகில் அவரைப்போல் வேறொருவர் இருந்திருக்க மாட்டார்.

திரும்பி வந்த ஆங்கிலேயர் கண்ட சென்னை பழைய சென்னையன்று. கோட்டையின் வடமதிலை ஒட்டிக் கறுப்பர் பட்டணத்தில் இருந்த வீடுகளைப் பிரெஞ்சுக்காரர் இடித்து வெளியாக்கியிருந்தனர். பகைவன் மறைந்து நிற்க இடம் இருக்கலாகாது என்பது அதற்குக் காரணம். அந்தக் காரணம் ஆங்கிலேயருக்கும் பிடித்துப்போயிற்று. மிச்சமிருந்ததையும் அவர்கள் படிப்படியாக இடித்தார்கள். இன்றைய உயர்நீதிமன்றம் உள்ள பக்கத்தில் விளங்கிய சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757இல் அவ்வாறே போயிற்று. அதற்கு ஈடாகப் பூக்கடைப் பகுதியில் கோயில் எழுந்ததும், அதில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்றதும் நீங்கள் அறிந்தவை. நகரத்து மக்கள் முத்தியாலுப்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் நெருங்கிக் குடியேறினர். இன்று நாம் கோட்டைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே காணும் அகன்ற வெளி, 1746இல் தொடங்கிய அந்த அச்சத்தினால் வெறுமையாக்கப்பட்ட நிலமாகும்.

மாபூஸ்கானைப் பற்றி ஒரு செய்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். தந்தையார் அன்வருத்தீன் 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட்டபோது இவர் சிறைப்பட்டார். ஆர்க்காட்டு நவாப் பதவி இளையவராகிய முகம்மது அலிக்குப் போயிற்று. 1755இல் கம்பெனியின் படையோடு திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, அச்சீமையைக் குத்தகையாகப் பெற்று, முதலில் நெற்கட்டுஞ்செவல் பாளையக்காரர் பூலித்தேவரை எதிர்த்துப் போரிட்ட அவர், பின்னர் தம்பியின்மீதும் கம்பெனியின்மீதும் வெறுப்புற்று, அதே பூலித்தேவரோடு சேர்ந்துகொண்டார். அவர்களை அடக்க அனுப்பப்பட்டவர், லாரன்ஸ் பழக்கிய சிப்பாய்களின் தலைவராக உயர்ந்திருந்த யூசுப்கான். கவாத்துக் கற்ற துப்பாக்கி வரிசையைத் தென்னாட்டில் முதன்முதலாக எதிர்கொண்ட சேனாபதி, பத்தாண்டுகளுக்குப் பின் மறுபடியும் அதன் எதிர்ப்பக்கத்திலேயே நின்றார். இம்முறை அவர் நின்றது ஆற்றங்கரைத் திடலில் அன்று. முள்வேலியும் மண்கோட்டையும் காடும் சூழ்ந்த பாளையத்தில். அங்கே அந்த வரிசைக்கு அடையாற்றில் கிடைத்ததுபோல் ஒரு பகலில் வெற்றி கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் பிடித்தன.